ரப்பர் மரம் கம்பியான கதை



தோட்டத்தில் மறுநடவு நடப்பதைப் பார்க்காத குடும்பம் நம்மிடையே இராது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்த மரத்தை ஒருநாள் வேரோடு சாய்த்துவிடுகிறார்கள். தாத்தா வெட்டிய மரம், அப்பா வெட்டிய மரம் என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். சாய்ந்த மரம் பிறகு என்ன ஆயிற்று என்று வகுப்பில் ஒருமுறை கேட்டேன். "அடுப்புக்குப் போயிற்று, சார்" என்றான் ஒரு பையன். அவன் சொன்னது சரிதான். ஆனால் அது நம் வீட்டு அடுப்பு மட்டுமல்ல. ஒரு காலத்தில் இந்த நாட்டின் இரும்பு உலைக்கும் அந்த மரந்தான் விறகாயிற்று. அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

கட்டடம் எழும்ப எஃகு வேண்டும். எஃகு செய்ய இரும்புத் தாது வேண்டும். அதை உருக்க நல்ல எரிபொருள் வேண்டும். தாதுக்கு மலாயாவில் குறைவில்லை. ஜொகூரில் பத்து பகாட் அருகேயுள்ள ஸ்ரீ மேடானில் இஷிஹாரா என்ற ஜப்பானியரின் நிறுவனம் 1920களின் தொடக்கத்திலேயே தாது வெட்டத் தொடங்கியது. திரங்கானுவில் டுங்குன் பக்கத்திலும் பெரிய சுரங்கம் வந்தது. வெட்டிய தாது கப்பலேறி ஜப்பானின் யாவாத்தா ஆலைக்குப் போயிற்று. 1901இல் வேலை தொடங்கிய ஆலை அது. நம் மண் அங்கே போய் இரும்பாயிற்று. நமக்கு வேண்டிய இரும்பையோ நாம் வெளிநாட்டில் விலை கொடுத்து வாங்கினோம்.

இங்கேயே உருக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தடையாக நின்றது எரிபொருள். நமக்குப் பக்கத்திலேயே, ரவாங்கை அடுத்த பத்து ஆராங்கில், 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டினார்கள். ரயில் என்ஜினும் மின்சார நிலையமும் அதில் ஓடின. ஆனால் அந்தக் கரி உலைக்கு ஆகாது. உலைக்கு வேண்டியது 'கோக்' எனப்படும் சுட்ட கரி. மேலே கொட்டும் தாதுவின் பாரத்தைத் தாங்கி, நொறுங்காமல் நின்று எரிய வேண்டும். பத்து ஆராங் நிலக்கரியைச் சுட்டால் அப்படிப்பட்ட கோக் கிடைப்பதில்லை.

அப்படியானால் மரக்கரி? அது பழைய முறை. இங்கிலாந்தில் 1709இல் ஆபிரகாம் டார்பி கோக்கைக் கொண்டு இரும்பு உருக்கும்வரை அங்கும் மரக்கரிதான். தமிழ்நாட்டிலும் இதை முயன்று பார்த்தவர்கள் உண்டு. 1830ஆம் ஆண்டளவில் ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலை கட்டினார். சேலத்துத் தாது, காட்டு மரத்துக் கரி. இரண்டையும் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. அங்கே செய்த இரும்பு இங்கிலாந்துவரை போனது. ஆனால் பக்கத்துக் காடு தீரத் தீரக் கரியின் விலை ஏறியது. பல கைகள் மாறியும் அந்த ஆலை நிலைக்கவில்லை. மரக்கரியை நம்பும் உலைக்கு இது எப்போதும் உள்ள ஆபத்து.

மலேசியாவுக்கு மட்டும் ஒரு வசதி இருந்தது. இங்கே காட்டை அழிக்க வேண்டியதில்லை. மறுநடவுக்காக எப்படியும் சாயப்போகும் ரப்பர் மரங்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நின்றன. 1961இல் மலாயாத் தரப்பினரும் யாவாத்தா நிறுவனமும் கூட்டாக 'மலாயாவாத்தா' என்ற எஃகு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெயரிலேயே மலாயாவும் யாவாத்தாவும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். ஆலை பினாங்குக்கு எதிர்க்கரையில், பிறையில் எழும்பியது. 1967இல் உற்பத்தி தொடங்கியது. முன்பு தாதுவை வாங்கிக்கொண்டு போன அதே யாவாத்தா, இம்முறை உலை கட்டும் வித்தையோடு வந்தது.

சூளையில் கரி ஆவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். மரத்தைத் துண்டு போட்டு, குவிந்த சூளையில் அடுக்கி, காற்றை மட்டாக விட்டுப் பல நாள் புழுங்க வைப்பார்கள். ஒரு டன் கரிக்குச் சுமார் நான்கைந்து டன் மரம் பிடிக்கும். அந்தக் கரி, தாது, சுண்ணாம்புக்கல் மூன்றையும் உலையின் வாயில் மாறி மாறிக் கொட்டி, அடியில் சூடான காற்றை ஊதினால், உருகிய இரும்பு கீழே ஓடிவரும். அதிலுள்ள மிகுதியான கரிமத்தை நீக்கினால் எஃகு. அதைக் கட்டியாக வார்த்து, உருளைகளுக்கு நடுவே செலுத்தி இழுத்தால் கட்டடக் கம்பி. அடுக்குமாடிக்கும் பாலத்திற்கும் போட்ட கான்கிரீட்டுக்குள் எத்தனை ரப்பர் மரம் ஒளிந்திருக்கிறதோ! நம்மவர்கள் உளி வைத்த மரங்கள் அவை.

இதோடு கதை நின்றிருந்தால் இனிப்பாக இருந்திருக்கும். ஆனால் மரக்கரியின் பழைய ஆபத்து இங்கும் வேறு உருவில் வந்தது. தோட்டங்கள் ரப்பரை விட்டு எண்ணெய்ப் பனைக்கு மாறின. பனைத் தண்டு நாரும் நீருமாக இருப்பது. உலைக்குத் தாங்கும் கரி அதிலிருந்து வராது. மலேசியாவில் வாணிபத்துக்காக எண்ணெய்ப் பனை முதலில் பயிரானதே நம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், தெனமாரம் தோட்டத்தில், 1917இல்தான். இன்னொரு பக்கம், ரப்பர் பலகையைப் பூச்சி அரிக்காமல் பதப்படுத்தக் கற்றுக்கொண்டதும், 1980களிலிருந்து அது மேசை நாற்காலிக்குப் போகத் தொடங்கியது. விறகு விலைக்குப் போன மரம் பலகை விலைக்குப் போனால் உலைக்காரன் எங்கே போவான்? பிறகு பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கும் முறையே நாட்டில் ஓங்கியது. மலாயாவாத்தாவும் பின்னாளில் ஆன் ஜூ குழுமத்தின் கைக்குச் சென்றது.

இனி ஆலையை விட்டுப் பட்டறைக்கு வருவோம். நமக்கு எட்டக்கூடிய தொழில் அதுதான். புஞ்சாக் ஆலாம் வட்டாரத்தில் தோட்டம் இருந்த இடங்களில் வீடும் தொழிற்சாலையும் பல்கலைக்கழக வளாகமும் எழும்பிவிட்டன. அவற்றின் கூரைச் சட்டம், தூண், படிக்கட்டு ஆகியவற்றைச் செய்து தருவது இரும்புப் பட்டறை. படத்தைப் பார்த்து அளவெடுப்பது, வெட்டுவது, துளையிடுவது, பற்றவைப்பது, துருப்பிடிக்காமல் சாயம் அடிப்பது, லாரியில் ஏற்றிக் கட்டடத்தில் தூக்கி நிறுத்துவது என்று வேலை போகும். துளை இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் மேலே ஏற்றியபின் போல்ட் நுழையாது. கீழே அரைமணியில் திருத்தக்கூடியது, மேலே போனால் பாரந்தூக்கிக்கு ஒருநாள் வாடகை.

நம் பையன்கள் பற்றவைப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எளிய வழி ஒன்று சொல்கிறேன், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டைக் கம்பியின் கனத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 144ஐ 162ஆல் வகுங்கள்: 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று ஏறத்தாழ பத்தே முக்கால் கிலோ. இரும்பு எடைக்கு விற்கும் சரக்கு; எடை தெரியாதவன் விலை சொன்னால் நட்டம் அவன் தலையில்தான் விழும்.

எடை சரியாக இருந்தும் நட்டம் வருவதுண்டு. பட்டறைக்காரர் இன்று விலை பேசுவார். இரும்பு வாங்குவது மூன்று மாதம் கழித்து. காசு கைக்கு வருவது அதற்கும் பிறகு. வெகுகாலம் கட்டடக் கம்பிக்கு அரசாங்கம் உச்சவிலை வைத்திருந்தது. 2008 மே மாதத்தில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. உலகெங்கும் இரும்பு விலை தாவிக்கொண்டிருந்த நேரம் அது. பழைய விலைக்கு ஒப்புக்கொண்டவர்கள் புதிய விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. பயந்துபோய்ச் சரக்கை வாங்கிக் குவித்தவர்களையும் அந்த ஆண்டு விடவில்லை. ஆண்டு முடிவதற்குள் விலை சரிந்தது. சிறிய பட்டறைக்கு முதல் என்பதே கொட்டகையில் அடுக்கிய இரும்புதான். அதன் விலை இறங்கினால் சேமிப்பே இறங்கியதற்குச் சமம். விலையை எழுதிக் கொடுக்கும்போது அது எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் சேர்த்து எழுதுவதும், முன்பணம் வாங்கி உடனே இரும்பை வாங்கிவிடுவதும் இதனால்தான்.