மக்கள் என்போர் யார்?

குடியாட்சிக்கு எடுத்துக்காட்டாக அமெரிக்க நாட்டைக் கூறுவது வழக்கம். ஆயினும், அந்நாடு விடுதலை பெற்ற அன்றே பொதுமக்கள் திரண்டு தம் தலைவரைத் தேர்ந்தெடுத்தனர் என்று எண்ணுவது பிழை. 1789இல் ஜார்ஜ் வாஷிங்டனைத் தேர்ந்தெடுத்தவர்கள் 69 தேர்வாளர்களே. சில மாநிலங்களில் அத்தேர்வாளர்களையும் சட்டமன்றங்களே நியமித்தன. நிலமோ வரி செலுத்தும் சொத்தோ உடையவர்க்கே பெரும்பாலும் வாக்குரிமை இருந்தது. முதல் ஆறு தலைவர்களுள் நால்வர் வர்ஜீனியாவினர். ஏனைய இருவரும் மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தந்தையும் மகனும் ஆவர். ஆளும் உரிமை ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே சுழன்றது.

இவ்வட்டம் மெல்ல மெல்ல உடைந்தது. இந்தியானா, இல்லினாய், அலபாமா முதலிய புதிய மாநிலங்கள், சொத்தில்லாத வெள்ளையருக்கும் வாக்குரிமை அளித்தன. பழைய மாநிலங்களும் தம் தடைகளைத் தளர்த்தின. 1824இல் இருபத்து நான்கு மாநிலங்களுள் ஆறில் சட்டமன்றங்களே தேர்வாளர்களை நியமித்தன. 1828இல் அவ்வாறு செய்தவை இரண்டே.

இம்மாறுதலின் நடுவே இருவர் எதிரெதிரே நின்றனர். இருவரும் 1767இல் பிறந்தவர்கள். ஒருவர் ஜான் குவின்சி ஆடம்ஸ், இரண்டாம் தலைவரின் மைந்தர், பன்மொழி வல்லவர், ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர். மற்றவர் ஆண்ட்ரூ ஜாக்சன். பதினான்கு வயதுக்குள் பெற்றோர் இருவரையும் இழந்தவர். விடுதலைப் போரில் சிறைப்பட்டபோது, ஆங்கில அதிகாரியின் காலணியைத் துடைக்க மறுத்து வாள்வெட்டுப் பெற்ற சிறுவர். 1815இல் நியூ ஆர்லியன்சில் ஆங்கிலப் படையை முறியடித்து நாடறிந்த வீரரானார்.

1824ஆம் ஆண்டுத் தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். ஜாக்சன் 99 தேர்வாளர் வாக்குகளும், ஆடம்ஸ் 84உம், கிராஃபோர்டு 41உம், ஹென்றி கிளே 37உம் பெற்றனர். வெற்றிக்கு 131 தேவை. எவருக்கும் அது கிட்டாமையால், முதல் மூவருள் ஒருவரைத் தேரும் பொறுப்பு பிரதிநிதிகள் சபையிடம் சென்றது. சபைத் தலைவராயிருந்த கிளே, ஆடம்சை ஆதரித்தார்; ஆடம்ஸ் வென்றார். பின்னர் அவர் கிளேயை வெளியுறவு அமைச்சராக்கினார். “மக்கள் தந்த வாக்கைப் பேரம் பேசி விற்றுவிட்டனர்” என்று ஜாக்சன் ஆதரவாளர் நான்கு ஆண்டுகள் முழங்கினர். பேரம் நடந்தது என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் மக்கள் மனத்தில் அது பதிந்துவிட்டது.

ஆடம்ஸ் நாட்டுக்குப் பல்கலைக்கழகமும் வானாராய்ச்சி நிலையமும் வேண்டும் என்றார். நல்ல திட்டங்களே. ஆனால் அவற்றை வற்புறுத்துகையில், வாக்காளரின் விருப்பத்துக்கு அஞ்சி நாம் முடங்கிவிடலாகாது என்னும் பொருள்படப் பேசினார். கற்றவர் மக்களை மதிப்பதில்லை என்ற பழிக்கு அதுவே சான்றாயிற்று. 1828இல் ஜாக்சன் 178 வாக்குகள் பெற்று வென்றார். ஆடம்ஸ் பெற்றவை 83. மொத்தம் பதினொரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். முந்திய தேர்தலினும் இது மும்மடங்கு. 1829 மார்ச் 4ஆம் நாள் பதவியேற்பு விழாவில் திரண்ட மக்கள் வெள்ளம் வெள்ளை மாளிகைக்குள்ளும் புகுந்தது.

இது கண்டு நாம் மகிழ வேண்டுவதே. ஆனால் இங்கொரு கேள்வி எழுகிறது. அந்த “மக்கள்” யார்? பெண்கள் அல்லர். அடிமைகள் அல்லர், ஜாக்சனே பல அடிமைகளை உடையவர். நியூயார்க் மாநிலம் 1821இல் வெள்ளையருக்குச் சொத்துத் தகுதியை நீக்கிய அதே வேளையில், கறுப்பருக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என விதித்தது. தொல்குடியினரான செரோக்கியர் தம் மொழிக்கு எழுத்துக் கண்டனர். 1827இல் அரசியல் சட்டம் இயற்றினர். 1828இல் செய்தித்தாளும் தொடங்கினர். எனினும் 1830ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தென்கிழக்குத் தொல்குடிகளை வெளியேற்ற ஜாக்சன் முனைந்தார். 1838-39இல் செரோக்கியர் மேற்கே விரட்டப்பட்டனர். ஏறத்தாழ நாலாயிரம் பேர் மாண்டனர் என மதிப்பிடுவர். பெரும்பான்மையின் குரல் உயர்ந்த காலத்திலேயே இது நடந்தது என்பதை மறத்தல் ஆகாது.

தோற்ற ஆடம்ஸ் என்னவானார்? தலைவராயிருந்தவர், 1831இல் சாதாரண உறுப்பினராகப் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார். அடிமை முறைக்கு எதிரான விண்ணப்பங்களை ஆராயாமலே ஒதுக்கிவிடும் விதியை 1836இல் சபை வகுத்தது. முதியவர் எட்டாண்டுகள் அதனை எதிர்த்துப் போராடினார். கண்டனத் தீர்மானங்களும் அவரை அசைக்கவில்லை. 1844 டிசம்பரில் அவ்விதி நீக்கப்பட்டது. 1848இல் சபையிலேயே மயங்கி வீழ்ந்து, இரண்டு நாள் கழித்து அக்கட்டடத்திலேயே உயிர் நீத்தார்.

ஆசிரியத் தோழர்களே, இவ்வரலாற்றை வகுப்பில் கூறும்போது நம்மவருள் பலர் ஜாக்சனை வீரராகவோ கொடியவராகவோ காட்டி முடித்து விடுகிறோம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே செய்தேன். இப்பொழுது இருவரையும் சேர்த்தே சொல்கிறேன். வாக்குரிமை விரிந்தது நன்மை. கல்வியின் பெயரால் அதனைத் தடுத்திருத்தல் முறையன்று. ஆனால் “மக்கள்” என்று ஒருவர் முழங்கும்போது, அச்சொல்லுக்குள் யார் இருக்கிறார், யார் வெளியே நிறுத்தப்பட்டார் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அப்பழக்கத்தை வாக்குச் சீட்டுத் தராது. வகுப்பறைதான் தர வேண்டும்.