படலை வரை வராத சட்டம்

யாழ்ப்பாணத்தார் சட்டத்துக்குப் புதியவர் அல்லர். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி எழுதினார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு உடன்பட்டனர். அதுவே தேசவழமை. சீதனம், முதுசம், ஒற்றி, வட்டி ஆகியவற்றுக்கு விதி கூறிய அந்நூல் அடிமைகளுக்கும் விதி கூறிற்று. காணியையும் கடனையும் எழுதிய அதே ஏட்டில் மனிதனும் உடைமையாக எழுதப்பட்டான். உடன்பட்ட அப்பன்னிருவருள் அடிமைக்காகப் பேச எவர் இருந்தார்? சட்டம் எவர் திண்ணையில் எழுதப்படுகிறதோ அவர் குரலிலேயே அது பேசும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் அப்புக்காத்தும் பிரக்கிராசியும் தோன்றினர். 1874இல் கொழும்பில் சட்டக் கல்லூரி அமைந்தது. வேலிச் சண்டையும் காணிப் பங்கும் நீதிமன்றேறின. வழக்காடிக் கெட்டவர் கதை ஊர்தோறும் உண்டு. வழக்காடவே வழியின்றிக் கெட்டவர் கதையை எழுதுவார்தான் இல்லை.

நல்ல சட்டம் பிறந்தாலும் அது தானாக நடப்பதில்லை. சாதியின் பெயரால் கடையிலும் கோவிலிலும் தடுப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது. ஆயினும் தேநீர்க் கடைகள் எத்தனை திறந்தன? 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து எழுந்த ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் நடந்த போராட்டமுமே ஏட்டில் உறங்கிய அச்சட்டத்தைத் தட்டி எழுப்பின.

1978இல் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டின் அரசியலமைப்பு, அரச அதிகாரத்தால் அடிப்படை உரிமை மீறப்பட்டவர் உயர் நீதிமன்றத்தை நேரே நாடலாம் என்றது. ஆனால் ஒரு மாதத்துக்குள் நாட வேண்டும்! நெடுந்தீவில் வாழும் ஒரு மீனவர் தமக்கு நேர்ந்தது உரிமை மீறல் என்று அறிவதற்குள்ளேயே அம்மாதம் கழிந்துவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடைபெறும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. இதனை அவருக்குச் சொல்வார் யார்? ஏழையின் உரிமை பறிக்கப்படுவதைவிடக் காலங்கடந்து போவதே அதிகம்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடி இவ்வுண்மையை வெட்டவெளிச்சமாக்கிற்று. ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதெனக் கைவிரித்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெயையே நம்பியிருந்தவர்கள் கரையில் அமர்ந்தனர். போருக்குப் பின் வடக்கில் பரவிய நுண்கடனோ பெண்களின் கழுத்தை முன்னரே நெரித்துக்கொண்டிருந்தது. 2018இல் இங்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர், சில கடன்களின் வட்டி நூற்றுக்கு 220 வரை சென்றதாக அறிவித்தார். கொடிய கடன் உடன்பாடுகளை மீள ஆராயும் அதிகாரத்தை 1918ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே நீதிமன்றுக்கு வழங்கியிருக்க, கடனாளிப் பெண் அறிந்ததெல்லாம் வாராவாரம் படலையில் வந்து நிற்கும் வசூற்காரரைத்தான்.

2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம், நெருக்கடிக்கு இட்டுச்சென்ற ஆட்சியாளர்கள் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்று தீர்ப்பளித்தது. பெருமைக்குரிய தீர்ப்பே. எனினும் அதனால் கடனாளியின் தவணைச் சீட்டில் ஒரு சதமும் குறையவில்லை.

இங்கேதான் சட்ட மாணவருக்கு வேலை இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்வர்ட் சட்ட மாணவர்கள் ஏழைகளுக்கெனத் தாமே நடத்தும் உதவி நிலையத்தை 1913இலேயே நிறுவினர். இந்தியாவில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் என்னும் இரு சட்ட ஆசிரியர்கள் ஆக்ரா காப்பகப் பெண்களின் அவலம் குறித்து எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் 1981இல் மனுவாக ஏற்றது. ஒரு கடிதம் அத்துணை வலியுடையது!

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சட்டத்துறை உண்டு. மாணவர் நீதிமன்றில் வாதாட இயலாது, உண்மைதான். ஆனால் கடன் பத்திரத்தை வாசித்துப் பொருள் கூறலாம். நலன்புரிக் கொடுப்பனவு மறுக்கப்பட்டவருக்கு மேன்முறையீடு எழுதித் தரலாம். முறையிட இன்னும் எத்தனை நாள் உண்டென்று எண்ணிச் சொல்லலாம். இதற்கு மாளிகை வேண்டியதில்லை. ஊர் வாசிகசாலையில் ஒரு மேசையும், வாரத்தில் ஒரு மாலையும், வழிகாட்ட ஒரு சட்டத்தரணியும் போதும்.

1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசம். அதன் செலவைச் சீனியிலும் மண்ணெண்ணெயிலும் வரியாகக் கட்டிவந்தவர்கள் படலைக்கு வெளியே அல்லர், படலைக்கு உள்ளேயே காத்திருக்கின்றனர். சட்டம் கற்றவர் அங்கே செல்வது தருமம் அன்று, கடன் தீர்த்தல்.