மாற்றி வைத்த எலும்பு

1668-ஆம் ஆண்டில், யோப் வான் மீக்கரன் என்னும் ஆம்ஸ்டர்டாம் அறுவை மருத்துவரின் நூல் அவரது மறைவுக்குப் பின் வெளிவந்தது. அதில் ஒரு செய்தி உண்டு. ரஷ்ய நாட்டில் வாள்வெட்டினால் மண்டையோடு சிதைந்த வீரர் ஒருவருக்கு, நாயின் மண்டையோட்டிலிருந்து எடுத்த துண்டைப் பொருத்தினார்கள். புண் ஆறிற்று. ஆனால் மனித உடலில் விலங்கின் எலும்பு இருக்கலாகாது என்று கூறி, அங்கிருந்த திருச்சபை அவரை விலக்கி வைத்தது. அத்துண்டை அகற்றிய பின்னரே அவர் ஏற்றுக்கொள்ளப்பட்டார் என்பர் சிலர். அகற்ற இயலாதபடி அது ஒன்றிப் போயிருந்தது என்பர் வேறு சிலர். கதை எப்படி முடிந்திருப்பினும், நலம் பெற்ற தலையோடு ஆலயத்தின் வெளியே நின்ற அம்மனிதரையே நம் மனம் நாடுகிறது.

ஒட்டவைத்த எலும்பு எவ்வாறு உயிர் கொள்கிறது? லியோன் நகர மருத்துவர் ஒல்லியே 1867-இல் வெளியிட்ட நூலில், எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்குப் புதிய எலும்பை உருவாக்கும் ஆற்றல் உண்டெனக் காட்டினார். கிளாஸ்கோவில் மக்கீவன், பிற நோயாளரின் கால் எலும்புத் துண்டுகளைக் கொண்டு ஒரு சிறுவனின் மேற்கை எலும்பை மீட்டெடுத்து, 1881-இல் அதனை அறிவித்தார்.

இந்த அறிவைப் பெருஞ்சோதனைக்கு உள்ளாக்கியது முதல் உலகப் போர். பதுங்குகுழியினின்று தலையை உயர்த்தியவரின் தாடையை எறிகுண்டுச் சிதறல் பெயர்த்துச் சென்றது. இங்கிலாந்தின் சிட்கப்பில் 1917-இல் திறக்கப்பட்ட மருத்துவமனையில், நியூசிலாந்தில் பிறந்த ஹெரல்டு கில்லீஸும் அவரது துணைவர்களும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தனர். ஊருக்குச் செல்லும் சாலையிலிருந்த சில இருக்கைகளுக்கு நீலவண்ணம் பூசியிருந்தார்களாம். அங்கே அமர்ந்திருப்பவரின் முகம் உங்களைத் திடுக்கிடச் செய்யலாம் என்று வழிப்போக்கருக்கு அறிவிப்பதற்காக! நாட்டுக்காக முகத்தை இழந்தவனுக்கு நாடு தந்த இருக்கை அது.

அன்று பெனிசிலின் இல்லை. வாயில் ஊறும் எச்சிலோ கிருமிகளின் உறைவிடம். ஆகவே முதலில் சதையையும் தோலையும் மூடி, சீழ் முற்றும் அடங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, பின்னரே இடுப்பு, விலா, கால் ஆகியவற்றினின்று எடுத்த எலும்பை வைத்தார்கள். அப்படியும் பலருக்கு அது பற்றவில்லை.

காரணம் இதுதான். இரத்தக்குழாய் அறுபட்ட எலும்புத் துண்டிலுள்ள உயிரணுக்களில் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. எஞ்சுவது ஒரு சாரம் மட்டுமே. சுற்றியுள்ள சதையிலிருந்து நுண்குழாய்கள் அதனுள் ஊர்ந்து நுழைய, ஒருவகை அணுக்கள் பழையதைக் கரைக்க, மற்றொரு வகை அவ்விடத்தில் புதியதைப் படியவைக்கும். பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே சுவர் சுவராக இடித்துக் கட்டுவது போன்றது இது. இடைவெளி நீண்டிருந்தாலோ, கதிர்வீச்சினால் அச்சதையின் குழாய்கள் சுருங்கியிருந்தாலோ, புகைப்பழக்கம் தொடர்ந்தாலோ வேலை பாதியில் நின்றுவிடுகிறது.

எலும்பை அதன் இரத்தக்குழாயோடு சேர்த்தே எடுத்தால் என்ன? மெல்போர்னைச் சேர்ந்த இயன் டெய்லர் 1975-இல், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக ஓடும் மெல்லிய எலும்பை அவ்வாறே எடுத்து மற்றொரு காலுக்கு மாற்றினார். 1989-இல் அமெரிக்க மருத்துவர் டேவிட் ஹிடால்கோ, அதே எலும்பைத் துண்டுகளாக வெட்டி வளைத்துக் கீழ்த்தாடை அமைக்கும் முறையை வெளியிட்டார். நுண்ணோக்கியின் கீழ், கழுத்திலுள்ள குழாயோடு எலும்பின் குழாய் தைக்கப்படுகிறது. இரத்தம் பாய்ந்தவுடன் எலும்பு உயிர் தரிக்கிறது. பின்னர் அது சாதாரண முறிவு கூடுவதைப் போலவே தாடையோடு கூடுகிறது. அதுவரை டைட்டானியத் தகடு அதைத் தாங்கிப் பிடிக்கும்.

வாய்ப்புற்றுக்காகத் தாடையை இழந்தோர் பலர் இன்று இம்முறையால் பயன்பெறுகின்றனர். உடலின் பாரத்தைப் பெரும்பாலும் உள்பக்கத்துப் பெரிய எலும்பே சுமப்பதால், கொடுத்த காலைக் கொண்டே அவர்கள் நடக்கிறார்கள். எலும்பு கூடியபின், தகுதியுள்ளோருக்கு அதிலேயே திருகுகள் பொருத்திச் செயற்கைப் பற்களும் அமைக்கப்படுகின்றன. கஞ்சியைத் தவிர வேறெதுவும் அறியாதிருந்த வாய் மீண்டும் சோற்றை மெல்லத் தொடங்குகிறது.