வெள்ளலூர் வெள்ளி

நாணயம் சேகரிப்பவர்களுக்கு ஒரே ஒரு வேதம்தான் உண்டு. கிடைக்காதது உயர்ந்தது, கிடைப்பது மட்டம். பழைய வெள்ளிக் காசு ஒன்றைக் கையில் கொடுத்தால், அதில் இருக்கும் முகம் யாருடையது என்று கேட்பதற்கு முன்னால், "இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கிறது?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கணக்குப்படி நம் கொங்கு நாட்டு மண்ணிலிருந்து கிடைத்த ரோமாபுரி வெள்ளிக்கு மதிப்புக் கொஞ்சம் குறைவுதான். ஒன்றிரண்டாக வந்திருந்தால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பார்கள். அவையோ நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன!

கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டில் 500-க்கு மேற்பட்ட காசுகள் ஒரே புதையலாக அகப்பட்டன. அதே ஊரில் பிறகும் கிடைத்தன. கரூரிலும் கிடைத்தன. உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் 1946-இல் வெளிப்பட்டவை 1,000-க்கும் மேல். தினாரியஸ் என்று பெயர். நம் பழைய வெள்ளி நாலணா அளவுதான் இருக்கும்; எடை அதைவிடச் சற்றுக் கூட.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை காசுகளிலும் பெரும்பாலானவை இரண்டே இரண்டு அச்சுகள். ஒன்று அகஸ்டஸ் சக்கரவர்த்தியுடையது. அதன் பின்புறத்தில் இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள். நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும். அவருடைய மகள் வயிற்றுப் பேரர்கள், காயஸும் லூசியஸும். பட்டத்துக்கு என்று சுவீகாரம் எடுத்து, ஊரெல்லாம் அறிய வேண்டுமென்று காசிலும் பொறித்தார். லூசியஸ் கி.பி. 2-இல் இறந்தான், காயஸ் கி.பி. 4-இல் போய்விட்டான். சிம்மாசனம் அகஸ்டஸுக்கு அவ்வளவாகப் பிடிக்காத டைபீரியஸுக்குப் போயிற்று. மற்றோர் அச்சு அந்த டைபீரியஸுடையதுதான். பின்புறத்தில் கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண்மணி உட்கார்ந்திருக்கிறாள். அவன் தாய் லிவியா என்பது பலர் கருத்து. பட்டம் கிடைக்காத பிள்ளைகளும் பட்டம் கிடைத்தவனும் கடல் கடந்து வந்து, கொங்கு நாட்டு மண்ணுக்கடியில் ஒன்றாகக் கிடந்திருக்கிறார்கள். கதை எழுதுகிறவன் கூட இவ்வளவு துணிய மாட்டான்.

எதற்காக வந்தார்கள்? முசிறித் துறையில் மிளகு. கொங்கு நாட்டுப் படியூரில் பச்சைக்கல். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் மேலைக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் போக்குவரத்து. இந்தியா வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சிக்கொண்டு போகிறது என்று பிளினி தம் நூலில் அங்கலாய்த்திருக்கிறார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு தினாரியஸ். கணக்குப் போட்டால் 1 கோடியே 25 லட்சம் தினாரியஸ் ஆகிறது!

அதே பிளினி இன்னொரு செய்தியும் சொல்கிறார். கிளாடியஸ் ஆட்சியில், வரி வசூல் குத்தகைக்காரர் ஒருவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன் அரபிக் கரையோரமாகக் கப்பலில் போனானாம். காற்று அவனை அடித்துக்கொண்டு போய் இலங்கையில் தள்ளியது. அவனிடமிருந்த காசுகளை அந்த நாட்டு மன்னன் வாங்கிப் பார்த்தான். முகங்கள் வேறு வேறு, அடித்த அரசர்கள் வேறு வேறு. எடை மட்டும் ஒன்றே. இப்படிப்பட்டவர்கள் நாணயஸ்தர்கள் என்று தீர்மானித்து ரோமாபுரிக்கு நான்கு தூதர்களை அனுப்பினானாம். எனக்கு இந்த மன்னனை மிகவும் பிடிக்கிறது. முகத்தைப் பார்த்து மயங்காமல் தராசைப் பார்த்தான்.

அந்தத் தராசுக்குக் கி.பி. 64-இல் வேலை வந்தது. ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்ததை நீரோ 96 ஆக்கினான். அதாவது எடையில் எட்டில் ஒரு பங்கு போயிற்று; போதாதென்று செம்பும் கூடுதலாகச் சேர்ந்தது. நம் புதையல்களில் நீரோவின் அந்தப் புதுக் காசு அநேகமாகத் தலைகாட்டுவதே இல்லை. நம்மவர்கள் அதைத் தொட மறுத்தார்கள் என்பது ஒரு கட்சி. ரோமாபுரி வியாபாரிகளே பழைய நல்ல காசாகப் பொறுக்கி எடுத்து, வெகுகாலம் பின்னும் கிழக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது மற்றொரு கட்சி. இரண்டாவது சரியென்றால், டைபீரியஸ் முகம் இருக்கிறது என்பதற்காகவே அது டைபீரியஸ் காலத்தில் வந்த காசு என்று சொல்லிவிட முடியாது. எந்தக் கட்சி வென்றாலும், ஒன்று தெளிவு: வழக்கு நடப்பது அந்த மலிவான இரண்டு அச்சுகளின் மிகுதியை வைத்துத்தான். தனிக் காசு இதில் சாட்சி சொல்லாது. குடம்தான் சாட்சி.

குடத்துக்கோ எதிரிகள் அதிகம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர் ஒருவர்; பட்டறையில் உருக்கி அரைஞாண் கொடியாக்குகிறவர் இன்னொருவர். 1878-ஆம் ஆண்டுச் சட்டம் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. வேறு உரிமைக்காரர் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்பது பொது விதி. சர்க்கார் எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரும். மோசமான சட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கலெக்டர் கச்சேரி தூரம், பட்டறை பக்கம்.

உருக்குகிறவரையாவது மன்னித்துவிடலாம், அவருக்கு அது வெறும் வெள்ளி. எனக்கு வருத்தமெல்லாம் விஷயம் தெரிந்த சேகரிப்பாளரைப் பற்றித்தான். ஒரு புதையலில் 500 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். டைபீரியஸும் அகஸ்டஸும் போக, மூலையில் கிளாடியஸ் காசு ஒன்றே ஒன்று. கடைசியாக அடிக்கப்பட்டது அது. குடம் அதற்கு முன்னால் புதைக்கப்பட்டிருக்க முடியாது என்று காட்டுவதும் அது ஒன்றுதான். நம் சேகரிப்பாளர் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு அந்த ஒன்றைத்தான் வாங்குவார். அபூர்வம் அல்லவா! மிச்சம் 499-ஐ யாராவது பத்திரமாக அருங்காட்சிசாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தாலும், குடத்தைப் புதைத்தவன் டைபீரியஸ் காலத்தவனாயிருக்கலாம் என்று பதிவேட்டில் ஏறும். கிளாடியஸ் காசோ எங்கோ ஒரு மரப்பெட்டியில், வெல்வெட் துணியின்மேல், தான் கிடந்த ஊரின் பெயர்கூட இல்லாமல் பளபளத்துக்கொண்டிருக்கும்.