முகமூடி கழன்ற பின்னிரவு: தூக்க மூச்சுத்தடையும் இதயச் செயல்பாடும்

இதயநோயோ பக்கவாதமோ ஏற்கெனவே கண்டிருந்த 2,717 பேரை, இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில், சராசரியாக 3.7 ஆண்டுகள் பின்தொடர்ந்த ‘சேவ்’ ஆய்வு 2016இல் வெளியானது. அனைவருக்கும் நடுத்தரமான அல்லது கடுமையான தடைசார் தூக்க மூச்சுத்தடை இருந்தது. தொண்டையைத் திறந்துவைக்க முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் ‘சிபேப்’ கருவி பெற்றவர்களில் 17.0 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 15.4 விழுக்காட்டினருக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு போன்றவை நேர்ந்தன. கருவியால் பயன் தெரியவில்லை. ஆகவே மூச்சுத்தடை இதயத்தைக் கெடுப்பதில்லை, கூடவே வரும் உடற்பருமனும் ரத்த அழுத்தமுமே கெடுக்கின்றன என்று இம்முடிவை வாசிக்க இடமுண்டாயிற்று. அவ்வாசிப்பு பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தடை ஏற்படும் அந்த அரை நிமிடத்தில் மார்புக்கூட்டினுள் நடப்பதை முதலில் பார்க்க வேண்டும். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. உதரவிதானமோ ஓய்வதில்லை, மூடிய வழிக்கு எதிராக மேலும் மேலும் வலிந்து இழுக்கிறது. மார்பினுள் அழுத்தம் சுழியத்துக்குக் கீழே 40 மில்லிமீட்டர் பாதரசம், சிலரிடம் அதற்கும் கீழே இறங்கும். இடது கீழறை 120 அழுத்தத்தில் ரத்தத்தை வெளியேற்றுவதாகக் கொள்வோம். சுவரை வெளிப்புறமிருந்து 40 இழுக்கும்போது, அத்தசை தாங்கும் உண்மைச் சுமை 160. கிணற்றில் நீர் இறைப்பவரின் வாளியை அடியிலிருந்து ஒருவர் பற்றி இழுப்பது போன்ற நிலை இது. கையில் கட்டிய ரத்த அழுத்தமானி இச்சுமையைக் காட்டாது. அதே இழுப்பு வலப்பக்கத்துக்குக் கூடுதல் ரத்தத்தைக் கொண்டுவர, இடைச்சுவர் இடப்புறம் சாய்ந்து இடது கீழறை நிரம்பும் இடத்தைக் குறைக்கிறது. மெல்லிய சுவருடைய மேலறைகள் விரிந்து இழுபடுகின்றன. மேலறை நடுக்கம் இந்நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படுவதற்கு இந்த இழுபாடும் ஒரு காரணம்.

இதற்கிடையே ஆக்சிஜன் சரிகிறது, பரிவு நரம்புகள் கொதித்தெழுகின்றன. இந்நோயாளிகளின் தசை நரம்பில் இந்த எழுச்சியை நேரடியாகப் பதிவு செய்து சோமர்ஸ் குழுவினர் 1995இல் வெளியிட்டனர். மூச்சு மீளும் கணத்தில் ரத்த அழுத்தம் உச்சம் தொடுகிறது. இரவில் இயல்பாகத் தாழ வேண்டிய அழுத்தம் தாழ்வதில்லை. பகலில் விழித்திருக்கும்போதும் அந்நரம்பு மிகையாகவே இயங்கியது என்பதுதான் அவ்வாய்வில் என்னை மிகவும் கவலைகொள்ள வைத்த செய்தி.

இவை வெறும் உடலியங்கியல் ஊகங்கள் அல்ல. திடீர் இதய இறப்புக்கு ஆளான, தூக்க ஆய்வு முன்பே செய்யப்பட்டிருந்த 112 பேரின் பதிவுகளை 2005இல் ஆராய்ந்தபோது, மூச்சுத்தடை இருந்தவர்களில் 46 விழுக்காட்டினர் நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் இடையே இறந்திருந்தனர்; இல்லாதவர்களில் 21 விழுக்காட்டினரே. இதயச் செயலிழப்பும் மூச்சுத்தடையும் சேர்ந்திருந்த 24 பேரைக் கொண்டு 2003இல் நடந்த சிறு சோதனையில், சிபேப் பயன்படுத்தியவர்களின் இடது கீழறை ரத்தம் வெளியேற்றும் வீதம் ஒரே மாதத்தில் 25.0 விழுக்காட்டிலிருந்து 33.8 ஆயிற்று. சுமையை இறக்கினால் தசை மீள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் சேவ் ஏன் வெறுங்கையுடன் திரும்பியது? அதில் பங்கேற்றவர்கள் கருவியை அணிந்தது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம். கனவுத் தூக்கம் பெரும்பாலும் இரவின் கடைசிப் பகுதியில் திரளுகிறது. தொண்டைத் தசை அப்போதுதான் மிகவும் தளர்கிறது, தடைகள் நீள்கின்றன. படுத்ததும் அணிந்து நடு இரவில் கழற்றுபவருக்கு, இதயம் மிகுதியாக அடிபடும் நேரத்தில் சிகிச்சையே இல்லை. கடுமையான ஆக்சிஜன் குறைவு உடையோரும், பகலில் மிகையாகத் தூக்கம் வருவோரும் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் கருத வேண்டும். 4,186 பேரின் தரவுகளைத் திரட்டிய 2023ஆம் ஆண்டுப் பகுப்பாய்விலும் ஒட்டுமொத்தப் பயன் இல்லை. ஆனால் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்தவர்களிடம் மீண்டும் இதய, மூளை ரத்தநாளப் பாதிப்பு நேரும் இடர் ஏறத்தாழ 31 விழுக்காடு குறைவு. ஒழுங்காகக் கருவி அணிபவர் மாத்திரையையும் ஒழுங்காகவே விழுங்குவார் என்ற எதிர்வாதம் வலுவானது. அதை நான் மறுக்கவில்லை. அது மெய்ப்பித்தலைத் தள்ளிப்போடுகிறது. மூச்சுத்தடைக்கு விடுதலைத் தீர்ப்பு வழங்கவில்லை.

அளவுகோலிலும் குறை உண்டு. மணிக்கு எத்தனை தடை என்று எண்ணி, 30ஐ எட்டினால் கடுமை என்கிறோம். பத்து நொடியில் விலகும் தடையும், ஒரு நிமிடம் நீடித்து ஆக்சிஜனை 70 விழுக்காட்டுக்கு இறக்கும் தடையும் இக்கணக்கில் ஒன்றே. இதயத்துக்கு அவை ஒன்றல்ல. ஆக்சிஜன் எவ்வளவு ஆழத்துக்கு, எவ்வளவு நேரம் சரிந்தது என்ற மொத்தச் சுமையை 2019இல் கணக்கிட்டபோது, இதயநோய் இறப்போடு அதன் தொடர்பு எண்ணிக்கையைவிடத் தெளிவாக வெளிப்பட்டது.

இதுவரை சொன்னது தொண்டை அடைபடும் வகையைப் பற்றி. மூளையின் கட்டளை தவறுவதால் வரும் மைய வகை மூச்சுத்தடை வேறு. இதயச் செயலிழப்பில் அவ்வகைக்குத் தகவமைப்புக் காற்றழுத்தக் கருவி தந்த ‘செர்வ்-எச்எஃப்’ ஆய்வில், 2015இல், இதயநோய் இறப்பு கூடியது. வகை பிரிக்காமல் கருவி எழுதித் தருவது ஆபத்து.

மூன்று மருந்துக்கும் அடங்காத ரத்த அழுத்தத்தோடும், சரிசெய்த பின்னும் திரும்பிவரும் மேலறை நடுக்கத்தோடும் ஒருவர் வந்தால், இதயநோய் மருத்துவர்கள் அவர் தூக்கத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். அருகில் படுப்பவரிடமும் கேட்க வேண்டும். தூக்க ஆய்வு அறிக்கையில் தடை எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், ஆக்சிஜன் 90 விழுக்காட்டுக்குக் கீழே இருந்த நேரத்தையும் படியுங்கள். ஏற்கெனவே கருவி வைத்திருப்பவரிடம், இரவு எத்தனை மணிக்கு அதைக் கழற்றுகிறார் என்று கேளுங்கள்.