தசை அறியும் கணக்கு

பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறையில் அமைந்துள்ளது சிம்பாங் அம்பாட். நாற்சந்தி என்பதே அப்பெயரின் பொருள். இவ்வட்டாரத் தமிழர் வரலாறு கரும்போடு தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் கூலிகளாய்க் கொண்டுவரப்பட்டனர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு மறைந்து இரப்பர் ஓங்கியது; பின்னர் இரப்பரும் செம்பனைக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடம்விட்டது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்தவர்களின் பெயரப்பிள்ளைகள் பலர் இன்று இருக்கையில் அமர்ந்தே பொருளீட்டுகின்றனர். தம் மக்கள் நிழலில் இருந்து பிழைக்க வேண்டும் என்பதே அம்முன்னோர் கண்ட கனவு. கனவு பலித்தது, ஆயினும் அதற்கு உடல் ஒரு விலை கேட்கிறது.

அவ்விலையின் பெயர் இனிப்புநீர். 1986ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, 35 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 6.3 விழுக்காட்டினரிடம் இந்நோயைக் கண்டது. 2019ஆம் ஆண்டின் ஆய்வில், 18 வயதைக் கடந்த மலேசியரிடையே அது 18.3 விழுக்காடு, இந்தியரிடையேயோ 31.4 விழுக்காடு.

சீனி மிகுதியே காரணம் எனப் பழிப்பது எளிது. அறிவியல் வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. 1921இல் தொராந்தோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். இன்சுலின் குறைவே நோய் என உலகம் நம்பியது. 1936இல் ஹிம்ஸ்வர்த் என்னும் ஆங்கில மருத்துவர், இன்சுலின் செலுத்தியும் அதற்கு உடல் செவிசாய்க்காத நோயாளர் உளர் என்று நிறுவினார். பூட்டு துருப்பிடித்தால் திறவுகோல் இருந்தும் பயன் என்ன?

அப்பூட்டு பெரும்பாலும் தசையில் உள்ளது. இன்சுலினின் ஏவலால் உடல் ஏற்கும் சர்க்கரையில் பெரும்பங்கைத் தசையே வாங்குகிறது. உடல் பருக்கும்போது தசையிழைகளிலும் கொழுப்பு தேங்கி, இன்சுலினின் செய்தியை இடைமறிக்கிறது. எனினும் தசைக்கு மற்றொரு வழியும் உண்டு. அது தன் ஆற்றலின் வரவு செலவைத் தானே அறியும். உழைக்குந்தோறும் ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருள் செலவாகி, ஏ.எம்.பி. பெருகும். அக்குறிப்பை உணர்ந்து ஏ.எம்.பி.கே. என்னும் நொதி விழித்துக்கொள்ளும். கொழுப்பை எரிக்கத் தூண்டும். சர்க்கரை நுழையும் வாயில் திறக்கவும் துணைநிற்கும். ஓடிய எலிகளின் தசையில் இந்நொதி கிளர்வதை 1996இல் விண்டரும் ஹார்டியும் வெளியிட்டனர். வாயிலைத் திறக்க வேறு காவலரும் உளர், இஃதொன்றே அன்று. ஆயினும் இன்சுலினுக்குச் செவிசாய்க்காத தசையும் உழைப்புக்குச் செவிசாய்க்கும் என்பது உறுதியாயிற்று.

தமிழகம் இதற்குச் சான்று தந்தது. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் விளிம்பில் நின்ற 531 பேரைப் பின்தொடர்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நோயுற்றனர். உணவைத் திருத்தி, நாள்தோறும் நடந்து உடலுழைப்பைப் பேணியோரில் அது 39.3 விழுக்காடே. மெட்ஃபார்மின் மருந்து உண்டோரின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

எனவே, மீண்டும் பால்வாளி சுமக்க வேண்டியதில்லை. முன்னோர் பெற்றுத்தந்த நிழலைத் துறக்கவும் வேண்டியதில்லை. அந்நிழலிலிருந்து நாள்தோறும் சிறிது நேரம் எழுந்து நடத்தல் போதும். தேர்வுக்காக உடற்கல்விப் பாடவேளையைப் பறிக்கும் பள்ளி, மாணவரின் பிற்கால நலத்தையே பறிக்கிறது என்பதை ஆசிரியர் உலகம் உணர்தல் வேண்டும்.