பங்குப் பள்ளியில் கஸ்தீலிய மொழி

ஸ்பெயின் 1565 முதல் 1898 வரை பிலிப்பைன்ஸ் தீவுகளை ஆண்ட காலத்தில், பிள்ளைகளின் தொடக்கக் கல்வி பெரும்பாலும் பங்குத்தந்தையின், அதாவது ஓர் ஊரின் கத்தோலிக்க மக்களுக்குப் பொறுப்பான குருவின், மேற்பார்வையிலேயே நடந்தது. பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழியை, அன்றைய ஆவணங்கள் வழங்கும் பெயரில் சொன்னால் கஸ்தீலிய மொழியை, கற்பிக்க வேண்டும் என்று மாட்ரிடிலிருந்து ஆணைகள் வந்துகொண்டே இருந்தும், அது இறுதிவரை மக்களில் சிறு பகுதியினர் மட்டுமே பேசும் மொழியாக நின்றுவிட்டது. பள்ளியை நடத்தும் பொறுப்பும் மொழியைத் தராமல் வைத்திருக்கும் வசதியும் ஒரே கையில் இருந்ததை அந்நிலைக்கு முதன்மையான காரணமாகக் கொள்ளலாம்.

தொடக்கத்தில் இதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. ஆயர் தொமிங்கோ தே சாலசார் 1582இல் மணிலாவில் கூட்டிய திருச்சபை மன்றம், மறையுரையையும் மறைக்கல்வியையும் அந்தந்த மக்களின் மொழியிலேயே நடத்த வேண்டும் என்று முடிவு செய்தது. சில நூறு துறவிகள் பல மொழிகள் பேசும் தீவுக்கூட்டத்திற்கு ஒரு புதுமொழியைக் கற்பிப்பதைவிட, அத்துறவிகள் அம்மொழிகளைக் கற்பதே எளிதாயிருந்தது. 1593இல் மணிலாவில் மரக்கட்டை அச்சில் வெளிவந்த ‘தொக்திரினா கிறிஸ்தியானா’ என்னும் செப நூல், ஸ்பானியப் பாடத்துடன், மணிலா வட்டார மொழியான தகலாகின் பாடத்தையும், ரோமன் எழுத்திலும் உள்ளூர் எழுத்தான பாய்பாயினிலும், தந்தது. இயேசு சபைத் துறவி அன்றீக்கு அன்றீக்கசு 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழில் அச்சிட்டதும் இதே எண்ணத்தில்தான். மறையை மக்கள் மொழியில் சொல்ல வேண்டும் என்ற அக்கறை இரு கடற்கரைகளுக்கும் பொதுவாயிருந்தது.

ஆயினும் கஸ்தீலிய மொழியைக் கற்கும் வேட்கை உள்ளூர் மக்களிடையே இல்லாமலில்லை என்பதற்கு 1610இல் பத்தான் மாகாணத்தில் அச்சான ஒரு நூல் சான்றாக நிற்கிறது. தொமினிக்கன் சபையின் அச்சகத்தில் பணியாற்றிய தோமாஸ் பின்பின் என்னும் தகலாகு அச்சர், தம் மக்கள் கஸ்தீலிய மொழியைக் கற்பதற்காகத் தகலாகு மொழியிலேயே எழுதிய அந்நூலில், ஒரு வரி தகலாகாகவும் அடுத்த வரி ஸ்பானியமாகவும் அமைந்த பாட்டுகளைச் சேர்த்தார். கற்பவனின் நாவும் செவியும் எங்கே தடுமாறும் என்பதைக் கற்பவனாக இருந்தே அறிந்த ஒருவரின் நூல் அது. பாய்பாயின் எழுத்தில் உயிரொலிகளுக்கு மூன்றே குறிகள் இருந்தமையால், இகரமும் எகரமும், உகரமும் ஒகரமும் தகலாகுப் பிள்ளைக்கு ஒன்றாகவே கேட்டன. ‘ஃப’ ஒலி இல்லாமையால் அது பகரமாயிற்று. அவன், அவள் என்ற இருவருக்கும் ஒரே சொல்லை வழங்கிய பிள்ளைக்கு, மேசையும் பெண்பால், புத்தகமும் ஆண்பால் என்று பிரிக்கும் மொழி விந்தையாக இருந்திருக்கும். இத்தகைய நுட்பத்துடன் கூடிய பாடமுறை பங்குப் பள்ளிகளுக்குள் பரவாமல் போனது பெரும் இழப்பு.

அப்பள்ளிகளில் நடந்த பாடம் பெரும்பாலும் மனப்பாடமே. கார்தில்யா என்னும் அரிச்சுவடியில் எழுத்துகளையும் அசைகளையும் உரக்கச் சொல்லிப் பழகிய பிள்ளைகள், அடுத்து செபங்களையும் மறைவினா விடைகளையும் ஒப்பித்தனர். உள்ளூர் மொழிகளை அகற்றி ஸ்பானியத்தை நிலைநாட்டுமாறு ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் 1770இல் பிறப்பித்த ஆணையும் இந்த வழக்கத்தை அசைக்கவில்லை. ஆட்சிக்கும் ஊருக்கும் இடையில் இரு மொழியும் அறிந்த ஒரே மனிதராகத் தாம் இருப்பதிலுள்ள செல்வாக்கைப் பங்குத்தந்தையராயிருந்த துறவியர் பலர் இழக்க விரும்பவில்லை. ஸ்பானியம் கற்றவன் கலகக்காரனாவான் என்ற அச்சமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்ந்துகொண்டது.

1863 டிசம்பர் 20ஆம் நாள் ஆணை ஊர்தோறும் ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாகத் தொடக்கப்பள்ளிகள் அமைக்கவும், இயேசு சபையின் பொறுப்பில் மணிலாவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கவும் வழி செய்தது. வகுப்பு நேரத்தில் பிள்ளைகள் தங்களுக்குள் தாய்மொழியில் பேசக்கூடாது என்பது விதி. பள்ளி ஏற்பட்டு 15 ஆண்டுகளுக்குப் பின், கஸ்தீலிய மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரியாதவர், பரம்பரை உரிமை இல்லாவிடில், ஊர்ப் பெரியோர் குழுவில் இடம்பெற முடியாது என்றும் அது வகுத்தது. ஆனால் அந்தப் பள்ளிகளுக்கு உள்ளூர்க் கண்காணிப்பாளர் அதே பங்குத்தந்தைதான். மொழி தெரியாதவனுக்கு உரிமையை மறுத்த சட்டம், அம்மொழியைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்ற தீர்ப்பை, கொடுக்க விரும்பாத பலரிடமே விட்டுவைத்தது. இது வெறும் நிர்வாகக் குறையல்ல, கற்க வந்த பிள்ளைகளுக்கு இழைத்த அநீதி.

அந்த அநீதியை நாவலாசிரியர் ஹோசே ரிசால் நன்கு அறிந்திருந்தார். 1872இல் மணிலாவில் இயேசு சபையினர் நடத்திய ஆத்தெனியோ முனிசிபல் பள்ளியில் சேர்ந்தபோது ஸ்பானியத்தில் பின்தங்கியிருந்த அச்சிறுவர், நண்பகல் இடைவேளைகளில் வேறொரு கல்லூரிக்குச் சென்று கட்டணம் கொடுத்து அம்மொழியைக் கற்றார். பின்னர் அம்மொழியிலேயே எழுதி 1887இல் பெர்லினில் வெளியிட்ட ‘நோலி மே தாஞ்செரே’ நாவலில், பிள்ளைகளுக்கு ஸ்பானியம் கற்பிக்க முயன்று பங்குத்தந்தையிடம் இழிமொழி கேட்கும் பள்ளி ஆசிரியரைப் படைத்தார். மாலோலோஸ் ஊரின் இளம்பெண்கள் 1888 டிசம்பரில், ஸ்பானியம் கற்க இரவுப்பள்ளி வேண்டும் என்று ஆளுநர் வேய்லரிடம் நேரில் விண்ணப்பம் கொடுத்தபோதும், ஊர்ப் பங்குத்தந்தை எதிர்த்தார். அவர்கள் விடாமல் போராடிப் பெற்ற பள்ளி சில மாதங்களே நடந்தது.

1901இல், ஸ்பெயினுக்குப் பின் வந்த அமெரிக்க ஆட்சி பொதுப்பள்ளிகளின் பயிற்றுமொழியாக ஆங்கிலத்தை அமர்த்தி, அவ்வாண்டு ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்னும் கப்பலில் ஏறத்தாழ 500 ஆசிரியர்களை மணிலாவில் இறக்கியது. பங்குப் பள்ளி தர மறுத்த மொழியின் சொற்கள் மட்டும் வேறு வழிகளில் தகலாகுக்குள் குடியேறிவிட்டன: பள்ளி எஸ்க்வேலா, புத்தகம் லிப்ரோ, தாள் பபெல், மணி எட்டு என்பதை ‘ஆலாஸ் ஓச்சோ’ என்றே அந்நாட்டுப் பிள்ளை இன்றும் சொல்கிறது. அதன் வகுப்பறையிலுள்ள ‘மேசா’, போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த மேசையேதான்.